வலிக்கு மார்க்கு போடுற ஊரு

இந்த ஊர்ல பெரிய கடைக்குப் போனா கக்கூசு வாசல்ல ஒரு மெசினு நிக்குது. அதுல நாலு மூஞ்சி. பச்சைக் கலர்ல பல்லக் காட்டிச் சிரிக்கிறது ஒண்ணு, செவப்புல மொறைக்கிறது ஒண்ணு, நடுவுல ரெண்டு. உள்ள போயிட்டு வந்தது எப்பிடி இருந்துச்சுன்னு ஒரு மூஞ்சியை அழுத்திட்டுப் போவணுமாம். எம்பொண்ணு கோமதி சொன்னப்ப நான் நம்பல. கக்கூசுக்கு வந்தவ நிம்மதியா போறாளா இல்லியான்னு நடையப் பாத்தாலே தெரியாதா, அதுக்கு ஒரு மெசினா. சரி, கேக்குறாங்களேன்னு நாலு மூஞ்சியையும் அழுத்தினேன். ஒண்ணை மட்டும் அழுத்திட்டு மத்த மூணை வுட்டுட்டு வந்தா அதுங்க மனசு என்னா பாடுபடும்.

நான் விருத்தாசலத்துக்காரி. இந்த இங்கிலாந்துக்கு வந்து நாலு வருசம் ஆவுது. அஞ்சாங் கிளாஸோட படிப்பு முடிஞ்சுது. இதையும் போனுக்குள்ள பேசிப் பேசித்தான் எழுதுறேன், கோமதி படிச்சுப் பாத்துத் தப்பைத் திருத்துறா. வந்த புதுசுல இங்க எல்லாத்துக்கும் மார்க்கு கேக்குறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தேன். பார்சல் கொண்டாந்தவனுக்கு மார்க்கு, முடி வெட்டுனவளுக்கு மார்க்கு. ஆனா வலிக்கும் மார்க்கு உண்டுன்னு போன பங்குனி மாசந்தான் தெரிஞ்சுது.

எம் பேத்தி இனியாவுக்கு ஏழு வயசு. வவுறு வலிக்குதுன்னா. கோமதி கொஞ்சம் வெந்நி குடிக்கச் சொன்னா, நான் ஓமம் வறுத்துக் குடுத்தேன். மறுநாளு காச்சல். அதுக்கு மறுநாளு குடல் வால் வெடிச்சு, வெசம் ரத்தத்துல கலந்துபோயி, ஆபரேசன் பண்ணி, ஐசியூல கொண்டாந்து போட்டுட்டாங்க. வாயில ஒரு டியூபு, கையில ரெண்டு, வவுத்துல ஒண்ணு. மயக்க மருந்துல புள்ள கெடக்குறா. அவளுக்குப் பதிலா மெசினு மூச்சு வுடுது. அதைப் பாத்த எனக்கு ஓமம் வறுத்த கரண்டியால என்னையே நாலு போட்டுக்கலாம்னு இருந்துச்சு.

அங்க அவளப் பாத்துக்கிட்டவன் பேரு டாமு. ஆம்பள நர்ஸு. ஆளு நம்மூரு லாரி டிரைவரு கணக்கா இருப்பான், தாடி, கையில மீனு பச்சை குத்தியிருக்கான். மணிக்கு ஒரு வாட்டி வந்து கட்டிலுகிட்ட நின்னுக்கிட்டு, எம் பேத்திய ரெண்டு நிமிசம் உத்துப் பாப்பான். நெத்தியப் பாப்பான், புருவத்தைப் பாப்பான், மூடுன கண்ணைப் பாப்பான், கையத் தூக்கி வெறைப்பா இருக்குதா தொளதொளன்னு இருக்குதான்னு பாப்பான். பாத்துட்டுப் போயி கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பரு தட்டுவான். பொண்ணு பாக்க வந்த மாமியாக்காரிகூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டா. கோமதிகிட்ட கேட்டேன், இந்தத் தாடிக்காரன் அப்பிடி என்னாத்தடி பாக்குறான்னு.

"வலிக்குதான்னு பாக்குறாரும்மா."

"அவதான் மயக்கத்துல கெடக்குறாளே."

"அதனாலதான் பாக்குறாரு. அவளால சொல்ல முடியாதுல்ல. புருவம் சுருங்குதா, மெசினோட மூச்சை எதுத்துக்கிட்டு மூச்சு வுடுறாளா, கையக் கால முறுக்குறாளா, கண்ணுல தண்ணி வருதா, அதை எல்லாம் பாத்து மார்க்கு போடுவாங்க. மார்க்கு ஏறுனா மருந்தை ஏத்துவாங்க. கொறைஞ்சா கொறைப்பாங்க."

எனக்கு இது புதுசா இருந்துச்சு. ஏன்னா எனக்குத் தெரிஞ்ச வலி வேற ஊரு வலி. கோமதிய நான் பெத்தப்ப, நம்ம பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம், அங்க ஒரு நர்ஸம்மா இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல பெண்ணாடத்துக்காரி ஒருத்தி வலியில கத்துனா. அந்தம்மா வந்து, "ஏன் இந்தக் கத்து கத்துற, ஊர்ல நீ ஒருத்திதான் புள்ள பெக்குறியா" ன்னுச்சு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு மூச்சு காட்டாம கெடந்தேன். அந்தம்மா எங்கிட்ட வந்து, "இதப் பாரு, இதான் பொம்பள" ன்னுட்டுப் போச்சு. நான் வாழ்க்கையில வாங்குன ஒரே மெடலு அதுதான். அதுக்காவ நம்மாளுக்கு வலியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சுடாதீங்க. குத்துது, கொடையுது, கடுக்குது, சுருக்குங்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, இழுத்துப் புடிக்குதுன்னு ஒவ்வொரு வலிக்கும் தனித்தனியா பேரு வெச்சிருக்கோம். சோறு போட்டுக்கிட்டே ஒருத்தி இடுப்பு வலியைச் சொன்னா கேக்குறவளுக்கே இடுப்பு புடிச்சுக்கும். சொல்றதுக்குத்தான் ஆளு உண்டு. நின்னு பாக்குறதுக்கு ஆளு இல்ல.

மூணாம் நாளு வாய் டியூபை எடுத்துட்டாங்க. புள்ள முழிச்சுட்டா. என்னை உள்ள வரச் சொன்னாங்க. கதவுகிட்ட நிக்கும்போதே எனக்கு அழுவை முட்டிக்கிட்டு வந்துச்சு. மூஞ்சி எலந்தக்கொட்டை கணக்கா சுருங்கிக் கெடக்குறா. நான் அழுதா புள்ள பயந்துக்கும்னு ஒரு காரியம் பண்ணேன். மூஞ்சிய அப்பிடியே கெட்டியா வெச்சுக்கிட்டேன். கண்ணு சிமிட்டல, ஒதடு அசையல. அப்பிடியே போயி அவளுக்கு நேரா உக்காந்தேன். அவளும் என்னையே பாத்தா. அவ மூஞ்சியும் கெட்டியாயிடுச்சு. எம் பேத்திக்கு என்னா தைரியம்னு நெனைச்சேன். அது தைரியமில்ல. நான் பண்ண கூத்து.

அந்தக் கூத்தைச் சொல்லணும்னா எங்க பீங்கான் கம்பெனியச் சொல்லணும். விருத்தாசலத்துல கல்யாணம் கட்டி வந்த வருசமே நான் வேலைக்குப் போயிட்டேன். அச்சுல ஊத்தி எடுத்த பொம்மைங்க ஈரமா வரும். ஓரத்துல இருக்குற பிசிறைச் சின்னக் கத்தியால சீவி, ஸ்பாஞ்சு வெச்சுத் தொடைச்சு, பலகையில அடுக்கணும். அப்புறம் அது சூளைக்குப் போவும். சிரிப்பு அச்சுலயே இருக்குது, அதனால எவ்ளோ சூட்டுல வெந்தாலும் பொம்ம சிரிச்சுக்கிட்டேதான் வெளிய வரும். நாள் பூரா அந்த மூஞ்சிங்களையே பாத்துக்கிட்டு பெஞ்சுல எட்டுப் பொம்பளைங்க. சூப்ரவைசரு வந்தா பேசக் கூடாது. அப்ப ஆரம்பிச்ச ஆட்டம் இது. எதுத்தாப்புல இருக்குறவள பெஞ்சுக்கு அடியில கிள்ளணும். கிள்ளுப்பட்டவ மூஞ்சில ஒண்ணும் தெரியக் கூடாது. புருவம் ரவ ஆடுனாலும் தோத்தா. தோத்தவ சாயங்காலம் எட்டு பேரு ஸ்பாஞ்சுத் தண்ணி பக்கெட்டையும் கழுவணும். பொம்ம மூஞ்சின்னு பேரு வெச்சோம். பதினாறு வருசம் நான் ஒரு பக்கெட்டு கழுவுனதில்ல.

மங்கலம்பேட்டையிலேந்து பஸ்ஸுல வருவா மும்தாஜு. அவ மட்டும் எனக்கு சரிக்குச் சரி நின்னா. கிள்ளுனா கல்லு கணக்கா உக்காந்திருப்பா. ஒரு நாளு கத்தி கீழ வுழுந்துச்சு, எடுக்கக் குனிஞ்சேன். பெஞ்சுக்கு அடியில பாத்தா அவ செருப்புக்குள்ள பத்து விரலும் நண்டு கணக்கா மடங்கி இருக்குது. மேல மூஞ்சி பொம்ம, கீழ காலு பாவம். அன்னையிலேந்து நான் மூஞ்சியப் பாக்குறதை வுட்டுட்டேன். எங்க கிள்ளுனா யாரு விரலு மடங்குதுன்னு கீழ பாத்து, அந்த எடத்துலயே ரெண்டாவது கிள்ளு. இந்த ரகசியத்தை இன்னைக்கு வரைக்கும் மும்தாஜுகிட்ட சொல்லல. போன்ல பேசும்போதெல்லாம் சொல்லணும்னு நெனைப்பேன், அப்புறம் பதினாறு வருசத்து பக்கெட்டையும் கழுவச் சொல்லுவாளோன்னு வுட்டுடுவேன்.

இந்த ஆட்டத்தைத்தான் இங்க வந்து இனியாவுக்குக் கத்துக்குடுத்தேன். புள்ள ஊசின்னா ஊரைக் கூட்டும். நான் நேரா உக்காந்து பொம்ம மூஞ்சி வெப்பேன், அதான் ஆட்டம் ஆரம்பிச்சதுக்கு அர்த்தம். வாயால ஒண்ணும் சொல்லக் கூடாது. யாரு மூஞ்சி மொதல்ல மாறுதோ அவ தோத்தா. என்னை ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு அவளுக்கு அப்பிடி ஒரு வெறி. ஊசி போட்டாலும் பல்லு புடுங்கினாலும் கம்முன்னு இருப்பா. டாக்டருங்கல்லாம் ஸ்டிக்கரு குடுத்துப் பாராட்டுவாங்க. நான் பக்கத்துல நின்னு என் வளர்ப்புன்னு சொல்லச் சொல்லி கோமதியத் தொந்தரவு பண்ணுவேன்.

அன்னைக்கு ஐசியூல நான் அப்பிடி மூஞ்சி வெச்சு உக்காந்திருந்தப்ப டாமு ஒரு அட்டையக் கொண்டாந்தான். அதுலயும் வரிசையா மூஞ்சிங்க. ஒரு ஓரத்துல சும்மா இருக்குற மூஞ்சி, இன்னொரு ஓரத்துல வலியில துடிக்கிற மூஞ்சி. எவ்ளோ வலிக்குது, தொட்டுக் காட்டுன்னான். இனியா என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே மொதல் மூஞ்சியத் தொட்டா. சைபரு. டாமு அவ கைய மெதுவா தடவுனான், வவுத்துக்கிட்ட அழுத்தாம பாத்தான், மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். அவன் பாத்துப் போட்ட மார்க்கும் சைபரு. ராவு மருந்தைக் கொறைச்சாங்க, மறுநாளு காலையில இன்னும் கொறைச்சாங்க.

ஆனா புள்ள இரும மாட்டேங்குறா. நெஞ்சுல சளி கட்டக் கூடாதுன்னா இழுத்து மூச்சு வாங்கி இருமணுமாம். ஒரு பொண்ணு வந்து ஊதல் கணக்கா ஒண்ணைக் குடுத்து ஊதுன்னா. இனியா வாயில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா. மேல மூச்சு மட்டும் குருவி கணக்கா வாங்குறா. மெசின்ல ஆக்சிஜன் நம்பரு கொஞ்சங்கொஞ்சமா எறங்குது. மத்தியானம் பெரிய டாக்டரம்மா வந்து கோமதியையும் மாப்ளையையும் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. கோமதி வெளிய வந்து சொன்னா.

"வலியும் இல்லங்குறா, ஆனா இருமவும் மாட்டேங்குறா, என்னான்னு புரியலங்குறாங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் பாப்பாங்களாம். இப்பிடியே இருந்தா திரும்பவும் டியூபு."

சொல்லிட்டு அவளும் மாப்ளையும் மறுபடி அந்த ரூமுக்கே போனாங்க, இன்னொரு டாக்டரு கூப்பிட்டாரு. நான் மட்டும் போயி உக்காந்தேன். புள்ள என்னைப் பாத்ததும் மூஞ்சிய இறுக்குனா. அப்பத்தான் எனக்கு முதுகுல யாரோ தண்ணி ஊத்துன மாதிரி இருந்துச்சு. எழுந்திரிச்சு கட்டிலோட கால்மாட்டுக்குப் போனேன். போர்வையத் தூக்கினேன். பத்து விரலும் உள்ளாற மடங்கி, நகம் வெளுத்துப்போயி, பாதம் வில்லு கணக்கா வளைஞ்சு கெடக்குது. மேல பாத்தா மூஞ்சி பொம்ம. எம் பேத்தி ஐசியூல படுத்துக்கிட்டு என்னோட ஆட்டம் ஆடிக்கிட்டு இருக்குறா.

"ஏய் இனியா, ஆட்டம் முடிஞ்சிடுச்சுடி" ன்னேன்.

அவ கண்ணு மட்டும் சிரிச்சுது. ஏன்னா நான் அவளோட ஆடுறப்பல்லாம் தோக்குற மாதிரி இருந்தா இதைத்தான் சொல்லுவேன். ஆட்டம் முடிஞ்சிடுச்சும்பேன், அவ மூச்சு வுட்டு மூஞ்சிய மாத்துவா, உடனே நீதான் தோத்தேம்பேன். அம்பது தடவை ஏமாந்த புள்ள அம்பத்தோராவது தடவை ஏமாறுமா. சத்தியமா முடிஞ்சிடுச்சுடின்னேன். சாமி சத்தியம்னேன். சாமி சத்தியமும் நான் ஏற்கெனவே ரெண்டு மூணு தடவை பண்ணியிருக்கேன்.

டாமுவைக் கையக் காட்டிக் கூப்பிட்டேன். காலைக் காட்டுனேன், மூஞ்சியக் காட்டுனேன், என்னைக் காட்டுனேன். அவனுக்கு ஒண்ணும் புரியல, ஆனா போர்வைய எறக்கல. விரலையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் ஒரு போனைக் கொண்டாந்து வெச்சு யாரையோ கூப்பிட்டான். ஆஸ்பத்திரியில தமிழ் பேசித் தர்றதுக்கு ஆளு இருக்காங்க, போனுக்குள்ள. பேசுனது ஒரு யாழ்ப்பாணத்தம்மா.

"வணக்கம் அம்மா. அவர் கேக்கிறார், நீங்கள் என்ன சொல்ல வாறீங்கள் எண்டு. ஆறுதலாச் சொல்லுங்கோ."

சொன்னேன். பீங்கான் கம்பெனி, கிள்ளு, பக்கெட்டு, மும்தாஜு, ஊசி, ஸ்டிக்கரு, எல்லாத்தையும். இந்தப் புள்ளைக்கு வலி இருக்குது, ஆனா நான் எதுர்ல இருந்தா காட்ட மாட்டா, காட்டுனா தோத்துடுவான்னு சொன்னேன்.

"அம்மா, இதை நான் அப்பிடியே மொழிபெயர்க்கட்டோ?"

"அப்பிடியே சொல்லும்மா. பக்கெட்டையும் சேத்து."

அந்தம்மா சொல்லச் சொல்ல டாமு மூஞ்சி மாறுது. அவன் ஏதோ கேட்டான்.

"அவர் கேக்கிறார், நீங்கள் வெளியில போய் நிண்டா பிள்ளை சொல்லுமோ எண்டு."

"சொல்லாது. நான் வெளிய போனா ஒளிஞ்சு பாக்குறேன்னு நெனைச்சுக்கும். அதுவும் நான் பண்ணியிருக்கேன்."

"அப்ப என்ன செய்யிறது?"

"நான் தோக்கணும். நெசமா தோக்கணும். நடிச்சா கண்டுபுடிச்சுடுவா. அந்தத் தம்பிய என்னை நல்லா கிள்ளச் சொல்லு."

போனுக்குள்ள அந்தம்மா இருமுன மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லுச்சு. டாமு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஒரு அடி பின்னால போயிட்டான்.

"அம்மா, நோயாளியின்ர சொந்தக்காரரைக் கிள்ள ஏலாதாம். வேலை போயிடுமாம்."

இவ்ளோ பெரிய ஆளு, மீனு வேற குத்தியிருக்கான், ஒரு கிள்ளு கிள்ளத் துப்பில்ல. சரி, எங்கிட்டயே சரக்கு இருக்குதேன்னு நெனைச்சேன். என் எடது மொழங்காலு. ரெண்டு வருசமா அதை மடக்க முடியல. கோமதிக்குத் தெரியாது. மாடிப்படி ஏறுறப்ப பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஏறுவேன், சாமி கும்புடுறப்ப நின்னுக்கிட்டே கும்புடுவேன். தெரிஞ்சா வருசா வருசம் ஊருக்குப் போற டிக்கெட்டை வாங்கித் தர மாட்டா, தனியா ஏரோப்ளேன்ல எப்பிடிப் போவேம்பா. அந்தக் காலைத்தான் இன்னைக்கு வெளிய எடுக்கணும்னு முடிவு பண்ணேன்.

கட்டிலுக்கு நேரா, இனியா கண்ணு பாக்குற எடத்துல, தரையில சம்மணம் போட்டு உக்காந்தேன். பாதியிலயே மொழங்காலு உள்ளாற ஏதோ கத்தியால சீவுன மாதிரி இருந்துச்சு. பழக்கத்துல மூஞ்சி கெட்டியாவப் பாத்துச்சு. கல்யாணம் ஆனதுலேந்து எத்தனையோ வருசமா அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும். வேணாம், வுடுன்னு நானே மூஞ்சிகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. காலை இன்னும் மடக்குனேன். "அம்மாடீ" ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. என் சத்தமான்னு எனக்கே தெரியல. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, வாயி ஒரு பக்கம் கோணிக்கிச்சு. மொழங்காலுக்கு ஆரம்பிச்ச அழுவை அப்புறம் எதுக்கெல்லாமோ போயிடுச்சு. ஓமத்துக்கு, அந்தக் குருவி மூச்சுக்கு.

இனியா தலையத் தூக்கிப் பாத்தா. நான் நடிக்கிறேனான்னு நல்லா பாத்தா. பல்லுசெட்டு ரவ நழுவி வெளிய வந்துச்சு, அதப் பாத்து நம்பிட்டா.

"ஆயா, நீ தோத்துட்ட" ன்னா. குரலு காத்து கணக்கா வந்துச்சு.

"ஆமாண்டி. தோத்துட்டேன்."

"நெசமா?"

"நெசமா. எட்டு பக்கெட்டு கழுவுறேன்."

அவ மூஞ்சி அப்பிடியே ஒடைஞ்சுது. புருவம் சுருங்கி, வாயி கோணி, "வலிக்குது ஆயா, இங்க ரொம்ப வலிக்குது, இருமுனா கிழியுது" ன்னு அழ ஆரம்பிச்சா. அழுதாலும் வலிக்குது, வலிக்குதுன்னு இன்னும் அழுவுறா. டாமு அட்டைய நீட்டுனான். கடைசிக்கு முந்துன மூஞ்சியத் தொட்டா. தொட்டுட்டு, யோசிச்சு, கடைசி மூஞ்சியத் தொட்டா. டாமு ஓடுனான். டாக்டரம்மா வந்துச்சு, கோமதி ஓடியாந்தா, தரையில கெடந்த என்னை யாரும் கண்டுக்கல. எனக்கு அது நல்லதாப் போச்சு, மூஞ்சியத் தொடைச்சு பல்லை உள்ள தள்ளிக்கிட்டேன்.

மருந்து ஏறி அரை மணி நேரத்துல காலு விரலு ஒவ்வொண்ணா விரிஞ்சுது. நான் கால்மாட்டுலயே நின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். அந்த ஊதல் பொண்ணு திரும்பி வந்துச்சு. வவுத்துல ஒரு தலாணிய வெச்சுக் கட்டிப்புடிச்சுக்கிட்டு இருமச் சொல்லிக் குடுத்துச்சு. இனியா இருமுனா. மொத இருமல் ஆட்டுக்குட்டி, ரெண்டாவது ஆடு, மூணாவது நல்லா டிராக்டரு ஸ்டார்ட் பண்ண மாதிரி. கோமதி கையால வாயப் பொத்திக்கிட்டு நின்னா. சாயங்காலம் டாக்டரம்மா வந்து நம்பரு எல்லாம் பாத்துட்டு, டியூபு வேணாம்னுட்டுப் போச்சு.

ஒவ்வொரு புள்ளைக்கும் வலி எப்பிடித் தெரியும்னு வூட்டாளுங்களைக் கேட்டு எழுதி வெக்கிற தாளு ஒண்ணு அவங்ககிட்ட இருக்குது. மொத நாளே கேட்டிருக்காங்க. கோமதி, அழ மாட்டா, ரொம்ப தைரியசாலின்னு எழுதிக் குடுத்திருக்கா. டாமு அதை அடிச்சுட்டு, கால் விரலைப் பாருங்கன்னு எழுதுனான். வேலை மாறி வந்த நர்ஸுங்க ஒவ்வொருத்தரும் அதைப் படிச்சுட்டு, மரியாதையா போர்வையத் தூக்கி எம் பேத்தி காலுக்கு வணக்கம் வெச்சுட்டுப் போனாங்க.

கோமதியும் மாப்ளையும் டீ குடிக்கப் போன நேரம் பாத்து டாமு திரும்பவும் அந்தப் போனைக் கொண்டாந்து எம் முன்னால வெச்சான். அதே யாழ்ப்பாணத்தம்மா.

"அம்மா, இப்ப உங்களைப் பற்றிக் கேக்கிறார். உங்கட முழங்கால் நோவு எத்தனை? சைபரிலயிருந்து பத்துக்குள்ள."

"சைபரு" ன்னேன். மூஞ்சி கல்லு.

டாமு எம் முன்னால குத்துக்காலிட்டு உக்காந்து, என் காலையே பாத்தான். நான் கோமதி வாங்கிக் குடுத்த தடி கம்பளி சாக்ஸு போட்டிருந்தேன். அவன் அதைக் காட்டி, கழட்டுங்கன்னு சைகை பண்ணான். கட்டில்லேந்து இனியா எட்டிப் பாக்குறா.

"ஆயா, ஏமாத்தாத" ன்னா.

எடது கால் சாக்ஸை மெதுவா கழட்டுனேன். மெட்டி போட்ட விரலோட சேத்து அஞ்சும் உள்ளாற மடங்கிக் கெடக்குது. தரை ஜில்லுன்னு இருந்துச்சு. டாமு அதப் பாத்துட்டு ஏதோ எழுதுனான். கோமதிகிட்ட சொல்லுவான்னு தெரியும். எழுதி முடிச்சுட்டு இன்னொரு காலைக் காட்டுனான்.

"அம்மா, மற்றக் காலையும் ஒருக்காப் பாக்க வேணுமாம்."

"வேணாம்னு சொல்லும்மா. இந்தக் காலை அவரு வெச்சுக்கட்டும், என்னா மார்க்கு வேணா போட்டுக்கட்டும். மத்தது ஊருக்குப் போவுற காலு. அது சாக்ஸுக்குள்ளயே இருக்கட்டும்."